வாசலில் செருகிய வேப்பங்கொத்து

கெடார் கிராமத்தில் பெரியம்மா வீட்டு நிலைப்படியில் ஒவ்வொரு கோடையிலும் வேப்பங்கொத்து செருகியிருக்கும். வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போய் நாலு நாள் வெயிலில் குனிந்தால் போதும், அவள் மூக்கும் இரண்டு கன்னமும் ரத்தம் கட்டினாற்போல் சிவந்துவிடும். ஊருக்கு அது அம்மை. வாசலில் வேப்பிலை ஏறும், அடுப்பில் தாளிப்பு நிற்கும், மருந்து மாத்திரையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது. வாய்க்குள் புண் வந்து கேப்பைக் கூழைக்கூட அவளால் விழுங்க முடியாது. "உள்ளயும் எறங்கிட்டாடி ஆத்தா" என்று பெண்கள் வாசலில் நின்றே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவளுடைய சொந்தத் தங்கையான என் அம்மாவும் அப்படித்தான் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடெல்லாம் சிவப்பு இறங்கும்வரைதான். மற்ற மாதங்களில் மூட்டு வலி, எழுந்திருக்க முடியாத அசதி என்று அவள் படுத்தால் அதே வாய்கள் "வேலைக்கள்ளி" என்றன. சாமியும் அவளே, சோம்பேறியும் அவளே! என்ன நியாயமோ. அவளுக்குப் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் காய்ச்சலும் சீழ்க்கட்டியுமாக, நடை பழகுமுன்னே போய்விட்டன. ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று சொல்லி அதையும் முடித்துவிட்டார்கள்.

நான் திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டேன், மகன் பிறந்தான். அவனுக்குக் கழுத்தில் கட்டி வந்தது, ஆறியதும் மறுபடி வந்தது. பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். துணைக்குப் பெரியம்மா வந்தாள். பரிசோதனைகள் முடிந்து டாக்டரம்மா சொன்னார்: பையனின் வெள்ளை அணுக்களால் கிருமியைக் கொல்ல முடியவில்லை, இது தாய்வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வரும் நோய், தொடர்ந்து மருந்து கொடுத்தால் காப்பாற்றலாம். என் வழியாகவா? ஆனால் அவர் பார்வை என்மேல் இல்லை. பெரியம்மாவின் சிவந்த கன்னத்தில் இருந்தது.

"வெயில்ல போனா மூஞ்சி செவக்குமாம்மா? வாயில புண்ணு வருமா?"

"அது ஆத்தாங்க டாக்டரம்மா. வருசா வருசம் வர்றா."

அவள் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். இருவரிடமும் அந்தக் குறை இருந்தது. குறையைச் சுமப்பவளுக்கு ஒன்றும் ஆகாது, பிள்ளைக்குத்தான் ஆபத்து என்று அதற்குள் நான் என்னைத் தேற்றி வைத்திருந்தேன்; அதை அவரிடம் சொல்லியும் விட்டேன். "யாரும்மா சொன்னது? சொமக்கறவங்களுக்கும் வலிக்கும். இந்த செவப்பு, புண்ணு, மூட்டு வலி, அசதி எல்லாமே அதோட வேலைதான்" என்றார் டாக்டரம்மா. பாவி மக்கா, ஒரு நோயாளியையா வருஷக்கணக்கில் மருந்து கொடுக்காமல் உட்காரவைத்துக் கும்பிட்டோம்!

பெரியம்மா அழவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப ஆத்தா என்கிட்ட வரவே இல்லீங்களா?"

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எம் புள்ளைங்களையும் அவ எடுக்கலியா?"

இரண்டாவதைக் கேட்டபோதுதான் அவள் குரல் உடைந்தது. இன்றைக்கும் அந்தக் கேள்வி என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது.

மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், தினமும் மாத்திரை சாப்பிடுகிறான். இந்தச் சித்திரையில், மொட்டைமாடியில் வடகம் காயவைத்துவிட்டு இறங்கிய நான் கண்ணாடியைப் பார்த்தேன். மூக்கிலும் கன்னத்திலும் அதே சிவப்பு. எதிர்வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, "அம்மை போட்டிருக்குக்கா, ஜல்தியா கட்டுங்க" என்று வேப்பங்கொத்தை நீட்டினாள். எல்லாம் தெரிந்தும் என் கை அதை வாங்கி நிலைப்படியில் செருகப் போனது. அந்தச் சமயம் பார்த்துப் பெரியம்மா போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"கையில இன்னாடி வச்சிருக்கற?"

"வேப்பில, பெரிம்மா."

"கீழ போடு. நானும் இங்கேர்ந்து கெளம்பி வர்றேன். நீ பாண்டி பஸ்ஸ புடி."