நெசம் என்று சொல்லாத ஜெயசீலன் சார்

செய்தி வந்தபோது காலை பத்தரை மணி. சிதம்பரத்தில் என் வீடியோ கடையில் உட்கார்ந்து, ஜெயசீலன் சாரின் முகத்தைத்தான் கணினியில் பெரிதாக்கி வெளிச்சம் சரிசெய்துகொண்டிருந்தேன். போனில் அவர் மனைவி அமலா அக்கா. "தம்பி, சார் போயிட்டாரு" என்றார். எங்கே போயிட்டார் என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். திரையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சார் பல வருடம் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருந்தவர். முதுகு கெட்டுப்போய் அந்த வேலையை விட்டபின், கடலூர் செம்மண்டலத்தில் இருந்தபடி ஊர் ஊராகப் போய் முதலுதவி சொல்லிக்கொடுத்தார். நானும் அவரும் சேர்ந்து ஏழு படங்கள் முடித்தோம். எல்லாம் போனில் பார்க்கிற சின்னப் படங்கள். ஒருவர் மயங்கி விழுவார், அந்த இடத்தில் படம் நின்றுவிடும். இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டு மூன்று பட்டன் வரும். எதை அழுத்துகிறோமோ அந்த வழியில் கதை போகும். விழுந்தவர் பிழைப்பதும் பிழைக்காததும் பார்க்கிறவர் கையில். பயிற்சிக்கு வந்த பெண்கள் இதற்குப் பட்டன் படம் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு அச்சிடும் சிறு புத்தகத்துக்காக இதை எழுதுகிறேன். சார் மேல் எனக்குள்ள மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கோபத்தை ஒளித்துவைத்துவிட்டு மாலை மட்டும் போட எனக்கு வரவில்லை. அவர் என்னை ஏமாற்றிவிட்டார்.

நாங்கள் பழகியதே ஒரு சண்டையில்தான். பஸ் ஓட்டுநர்களுக்கு அவர் நடத்திய பயிற்சியை வீடியோ எடுத்துக் கொடுத்தேன். கல்யாண வீடியோ பழக்கம் விடுமா? நெஞ்சை அழுத்தும் இடத்தில் நான்கு பக்கமும் ரோஜாப்பூ பறக்கவிட்டு, பின்னால் நாதஸ்வரமும் போட்டிருந்தேன். முழுசாகப் பார்த்துவிட்டு, "வீடியோகாரரே, ஆளு சாவக் கெடக்கறான், நீங்க தாலி கட்ட வெக்கிறீங்களே" என்றார். கடைசி வரைக்கும் அவருக்கு நான் வீடியோகாரர்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

தப்பான வழிகளையும் முழுசாக எடுக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். சரியான வழி ஒன்றுதானே, மற்ற இரண்டுக்கும் எதற்கு மூன்று நாள் மெனக்கெட வேண்டும் என்று முணுமுணுத்தேன். "தப்பா அழுத்தி ஆளு போறத ஒரு தடவ போன்ல பாக்கட்டும். ரோட்டுல பாக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்" என்றார். பத்து விநாடிக்குள் எந்தப் பட்டனையும் அழுத்தாவிட்டால் படம் தானாக நகர்ந்து, அந்த ஆள் இறந்துவிடும்படி வைத்தார். "சும்மா நிக்கறதும் ஒரு பதில்தாங்க. ஜாஸ்தி பேரு அதத்தான் சொல்றாங்க" என்பார்.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் வெயில் மயக்கம் பற்றிய படம் எடுத்தபோது, மயங்கி விழுகிறவராக நடித்த அம்மா நிஜமாகவே மயங்கிவிட்டார். எனக்குத் தெரியவில்லை. "பிரமாதம்மா, அப்படியே இருங்க" என்று கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோனேன். சார் என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டு அவரை நிழலுக்குத் தூக்கிப்போனார். அந்த அம்மா எழுந்து தண்ணீர் குடித்த பிறகுதான் சார் என் பக்கம் திரும்பினார். திட்டவில்லை. ஒரு விதி போட்டார்.

அன்றிலிருந்து எங்கள் படப்பிடிப்பில் "நெசம்" என்ற சொல் எந்த வசனத்திலும் வரக் கூடாது. நடிக்கிற யாருக்காவது உண்மையிலேயே உடம்புக்கு முடியவில்லை என்றால் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், கேமரா நின்றுவிடும். தினமும் காலையில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொல்லச் சொல்வார். "கலெக்டரே வந்து நடிச்சாலும் நெசம்னு சொல்லிட்டா நிறுத்திப்புடணும்" என்பார். சொல்லிப் பழகாத வார்த்தை அவசரத்துக்கு வாயில் வராதாம்.

எட்டாவது படம் மாரடைப்பு. கல்யாண மண்டபச் சாப்பாட்டுக் கூடத்தில் பெண்ணின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். "ஒண்ணுமில்ல, வாயுப் பிடிப்பு" என்கிறார். ஆம்புலன்ஸில் போன வீடுகளில் எல்லாம் காதில் விழுந்த வசனம் அது என்று சார் சொல்லுவார். சிதம்பரத்தில் முகூர்த்தமில்லாத ஒரு நாள் மட்டும் மண்டபம் கிடைத்தது. அப்பாவாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. சாரே வேட்டி கட்டிக்கொண்டார்.

மதியம் மூன்று வழிகளில் இரண்டை முடித்திருந்தோம். விளக்கை மாற்றிக்கொண்டிருந்தேன், கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சார் நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கை நெஞ்சில் இருந்தது. என்ன சார் என்றேன். "ஒண்ணுமில்ல, வாயுப் பிடிப்பு" என்றார். காலையிலிருந்து இருபது தடவை கேட்ட வசனம். ஒத்திகை பார்க்கிறார் என்றே நினைத்தேன். "சூப்பர் சார். கைய மட்டும் இன்னும் கொஞ்சம் மேல வைங்க" என்றேன். என்னைப் பார்த்தார். கையை மேலே நகர்த்தி வைத்தார். "போதுமா?" என்றார். போதும் சார் என்றேன்.

பிறகு எழுந்து மூன்றாவது வழியையும் நடித்து முடித்துவிட்டுக் கடலூர் பஸ் ஏறினார். நாலாம் நாள் இறந்துபோனார்.

செம்மண்டலம் வீட்டில் கூட்டத்துக்கு நடுவில் அமலா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அன்னிக்கு சிதம்பரத்துல நீங்கதான கூட்டிட்டுப் போயி ஈசிஜி எடுத்தீங்க? நல்லா இருக்குதுன்னு சொன்னாங்கன்னாரே?"

நான் எங்கேயும் கூட்டிப்போகவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் அவர் முகத்தைப் பார்த்து அக்கா பயந்து கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தப்பிக்க சார் என் பேரைச் சொல்லியிருக்கிறார். வீடியோகாரர் கூட்டிப்போனார், ஈசிஜி நார்மல், தூங்கினால் சரியாகிவிடும் என்று. என்னை நம்பித்தான் அக்கா மூன்று நாள் சும்மா இருந்திருக்கிறார்.

பெட்டிக்குள் அவர் இருக்கும்போது அவரைப் பொய்யர் என்று எப்படிச் சொல்வது? "ஆமாக்கா, நார்மல்னுதான் சொன்னாங்க" என்றேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா மறுபடி போன் செய்தார். "அந்த ரிப்போர்ட்ட எடுத்து வைங்க தம்பி. நார்மல்னு எழுதிக் குடுத்தவங்க யாருன்னு பாக்கணும், நான் வுடப்போறதில்ல." இல்லாத ரிப்போர்ட்டுக்காக ஏதோ ஒரு லேப் வாசலில் போய் அவர் நிற்கப்போகிறார். மறுநாளே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய், எல்லாவற்றையும் சொல்லி, அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன்.

அக்கா அழவில்லை. "அவரும் பொய் சொன்னாரு. நீங்களும் சொன்னீங்க" என்றார். ஆமாக்கா என்றேன். "நெசம்னு ஒரு வார்த்த. ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தாரே. அவருக்கு மட்டும் வாயில வரலியா?" என்று கேட்டார்.

வந்திருக்கும் அக்கா என்றேன். மண்டபம் அந்த ஒரு நாள்தான், படம் கெட்டுவிடக் கூடாது என்று விழுங்கிவிட்டார். நான் கையை மேலே வைக்கச் சொன்னபோது நகர்த்தினாரே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னைக் கூட்டாளி என்று நம்பியிருந்தால் சொல்லியிருப்பார்.

கிளம்பும்போது அக்கா சொன்னார்: "இதயே படத்துல வைங்க. உங்க கொரலயும் எடுத்துடாதீங்க."

அப்படியே வைத்தேன். சார் வாயுப் பிடிப்பு என்கிறார். கையை மேலே வைக்கச் சொல்லும் என் குரல் கேட்கிறது. அவர் "போதுமா?" என்று கேட்கும் இடத்தில் படம் நிற்கிறது. என் பதிலை மட்டும் எடுத்துவிட்டேன். பார்க்கிறவர் சொல்லட்டும்.

முடித்ததும் முதலில் அக்காவிடம் போனைக் கொடுத்தேன். மூன்று பட்டனும் வந்தன. பத்து விநாடி ஓடத் தொடங்கியது. இரண்டாவது விநாடியிலேயே ஆம்புலன்ஸ் பட்டனை அழுத்தினார். அன்று கடைசியாக, மண்டபத்து அறை ஒன்றை ஆஸ்பத்திரியாக்கி எடுத்தது அந்த வழியைத்தான். வண்டி வருகிறது, ஸ்ட்ரெச்சரில் ஏற்றுகிறார்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சார் கண்ணைத் திறந்து, "சாப்பாடு ஆயிப்போச்சா?" என்று கேட்கிறார். அக்கா படத்தை முதலிலிருந்து வைத்து மறுபடியும் அதே பட்டனை அழுத்தினார். அன்று எத்தனை தடவை அழுத்தினார் என்று தெரியாது, போனை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

அந்த வழி நீங்களே எழுதி, நீங்களே நடித்தது சார். அதில் நீங்கள் பிழைத்துக்கொள்கிறீர்கள். போய் வாருங்கள். கோபம் ஆறட்டும், பிறகு உங்களுக்காக அழுகிறேன்.