லக்ஷன் போட்ட கோணல் தோட்டம்

மீட்டரின் மூடியைத் தூக்கி, கண்ணாடியில் படிந்த மண்ணைப் பெருவிரலால் துடைத்து, இலக்கங்களை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, கையிலிருக்கும் கருவியில் அழுத்துவான் லக்ஷன். பில் துண்டு கிறுகிறுவென்று வெளியே வரப் பத்துப் பன்னிரண்டு வினாடி எடுக்கும். அதற்குள் அவனுடைய இடது கை தன்பாட்டில் ஒரு வேலை பார்த்துவிடும். வாசல் படலைக்குப் பக்கத்தில் காய்ந்த பூ ஏதும் நின்றால், காம்பை இரண்டு விரலால் நெருக்கி, சத்தமில்லாமல் முறித்து, சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளும். நிறத்தோடு நிற்கிற பூவை அந்தக் கை தொடாது. கருகி, தலை தொங்கி, வீட்டுக்காரரே குப்பை என்று நினைப்பதைத்தான் எடுக்கும். இதனால் அவனுடைய மனைவி தனுஷியா சட்டைகளைத் தோய்க்க முன்னம் பைகளை வெளியே இழுத்து உதறுவதைப் பழகிக்கொண்டாள்.

ஏறாவூரிலிருந்து புளியந்தீவு வரைக்கும் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் வாசிக்கிறவன் அவன். ஒரு நாளைக்கு எண்பது வளவுக்குள் கால் வைப்பான். எந்த வீட்டுக் கிணறு எந்த மாதம் உவர்க்கும், எந்த வீட்டில் செவ்வரத்தை பூக்காமல் இலையாகவே தள்ளும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். சொல்ல மாட்டான். கேட்டாலும் பாதியைத்தான் சொல்லுவான்.

பிறந்தது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். கல்யாணம் முடித்தது அமிர்தகழியில். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்திருப்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கம் என்பதால் அதில் அவனுக்குக் குறையொன்றும் இல்லை. வீடு தனுஷியாவுக்குக் கொடுத்த வீடு. வளவு மாமி சீதேவிப்பிள்ளையுடையது. நாலு வருடமாக அந்த வளவுக்குள்ளே நடந்து திரிகிறான். தென்னை யாரோ வைத்தது, மா யாரோ வைத்தது, கிணற்றடி வாழையும் யாரோ வைத்தது. அவன் கையால் வைத்தது என்று ஒரு மிளகாய்க் கன்றுகூட அங்கே இல்லை. ஒன்று வேண்டும் என்று இருந்தது அவனுக்கு. இது அவர் வைத்தது என்று யாராவது கை காட்டிச் சொல்லும்படி ஒன்று.

அந்த ஆசைக்கு உருவம் கொடுத்தது ஒரு வீடியோ. மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு மத்தியானம் போனில் அது வந்தது. இங்கிலாந்தில் எங்கேயோ சின்னஞ்சிறு வீடு ஒன்று. அதன் வாசலுக்கு ஒரு கோணல் பாதை. பாதையின் இரண்டு பக்கமும் பூக்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. கொட்டேஜ் கார்டன் என்று அதற்குப் பெயர். பூச்சட்டி இல்லை, வரிசை இல்லை. ஒரு வருடம் போட்டால் மறு வருடம் விழுந்த விதையிலிருந்து அதுவாகவே வரும் என்று வீடியோவில் பேசிய பெண் சொன்னாள். லக்ஷன் அந்த இடத்தை மட்டும் மூன்று தரம் பின்னுக்கு இழுத்துக் கேட்டான். அதுவாகவே எப்படி வரும்? எந்த இடத்தில் வரும்? யார் சொல்லி வரும்?

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தனுஷியாவிடம் காட்டினான்.

"இதென்ன, ஆக்கள் விட்டுட்டுப் போன வளவு மாதிரிக் கிடக்கு" என்றாள் அவள்.

"வடிவாப் பாரு. உயரமானது பின்னுக்கு, கட்டையானது முன்னுக்கு. காடு மாதிரித் தெரியும், ஆனாக் காடில்ல."

"அம்மாட்டச் சொல்லுங்க."

"நீ சொல்லு."

மாமியும் மருமகனும் நேரே முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை. பகை ஒன்றும் இல்லை. இருவருக்கும் கூச்சம், அவ்வளவுதான். ஒரே கூடத்தில் நின்றாலும் நடுவில் ஒரு ஆள் வேண்டும். தனுஷியா இல்லாவிட்டால் அவளுடைய தங்கை பிரஷாந்தி. முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள், கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த பெண்.

தனுஷியா போய்க் கேட்டதற்கு மாமி "ம்" என்றாள். அதை லக்ஷன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

வளவின் கிழக்குப் பக்கம் ஒரு மரமும் இல்லாத வெள்ளை மணல். மாமி அதைத் தினமும் கூட்டித் துப்புரவாக வைத்திருப்பாள். அந்த மணலில் அவன் தண்ணீர்க் குழாயை நீட்டிப் போட்டு, காலால் தள்ளித் தள்ளி வளைவு பார்த்தான். படலையில் நின்று பார்த்தான். கிணற்றுக் கட்டில் ஏறி நின்று பார்த்தான். வளைவு சரிவந்த இடத்தில் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பதித்தான்.

"பிரஷாந்தி, மருமகனிட்டக் கேளு, பாதையை ஏன் பாம்பு போன மாதிரி விட்டிருக்கார் எண்டு" என்றாள் மாமி. லக்ஷன் மூன்று முழம் தள்ளித்தான் குந்தியிருந்தான்.

"சும்மா, வடிவுக்கு எண்டு சொல்லு."

"எனக்குக் காது நோகுது" என்றாள் பிரஷாந்தி. "ரெண்டு பேரும் போன் நம்பர் மாத்துங்க."

மாட்டெருவும் பழைய உமியும் போட்டு மணலைக் கிளறினான். சட்டைப்பையில் சேர்ந்த விதைகள் தேங்காய்ச் சிரட்டைகளில் கிடந்தன: ஜினியா, வாடாமல்லி, காசித்தும்பை, கொஸ்மோஸ். ஜினியா முழுக்க ஏறாவூர் றம்லா வீட்டிலிருந்து வந்தது. அங்கே மட்டும் அவன் பிடிபட்டிருந்தான்.

"மீட்டர் தம்பி, களவெடுக்கிறதெண்டா நல்லதா எடுங்களன்" என்று, அவன் ராத்தா என்று கூப்பிடும் றம்லா ஒரு கடுதாசி நிறைய விதையைத் தந்திருந்தாள். "பூத்து முடிஞ்சா பிடுங்கிராதீங்க. காய விடுங்க. கொட்ட விடுங்க."

மாரி மழைக்குப் போட்ட விதை தை பிறக்க முன்னமே பூத்தது. கொஸ்மோஸ் சாய்ந்து ஜினியாவின் மேல் விழுந்தது. வாடாமல்லி ஓட்டுத் துண்டுகளைத் தாண்டிப் பாதைக்குள் வந்தது. அவன் திருத்தவில்லை. காலையில் வேலைக்குப் போக முன்னம் பத்து நிமிடம் பாதையின் வளைவில் குந்தி, எது எதைத் தள்ளுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். மாமி கூடத்து ஜன்னலால் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு வெயில் வந்தது. ஆனியில் கிணறு உவர்த்தது. செடிகள் நின்ற நிலையிலேயே காய்ந்து கம்பிகளாயின. லக்ஷன் அவற்றைத் தொடவில்லை, விதை கொட்டவேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு மாமியின் முகத்தைப் பார்த்தார்கள். மாமி பொறுத்தாள். ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாட வெளியூர்ச் சொந்தமெல்லாம் வரப்போகிறது என்றதும் அவளால் முடியவில்லை. ஒருநாள் அவன் வேலையால் வந்தபோது கிழக்குப் பக்கம் பழையபடி வெள்ளையாகக் கிடந்தது. கம்பிகள் இல்லை. பாதையோரத்து ஓடுகள் கிணற்றடியில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

அவன் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே போனான். அன்றைக்கும் மறுநாளும் சோற்றை அளைந்துவிட்டு எழும்பினான்.

"வாயைத் திறந்து கேட்டா என்ன?" என்றாள் தனுஷியா.

"அவங்கட வளவு."

"அப்ப உங்கட வளவு எது?"

ஒன்று வைத்தோம், அது துடைத்தெடுத்தாற்போல் போய்விட்டது. இனி வைப்பதில்லை என்று நினைத்துக்கொண்டான். சட்டைப்பை அந்த மாதங்களில் வெறுமையாகவே இருந்தது.

ஐப்பசியில் முதல் மழை இறங்கிய கையோடு, வயல் வட்டையில் விதைப்பு என்று படுவான்கரையிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். லக்ஷன் லீவு போட்டுக்கொண்டு போய் ஒரு கிழமை நின்றான். திரும்பி வந்து படலையைத் திறந்தவன் திறந்தபடி நின்றான். கிழக்கு வேலியோரம், பாத்தி இருந்த இடத்திலிருந்து பதினைந்து அடி தள்ளி, சின்னச் சின்னப் பச்சைகள். குந்தி, ஒரு இலையைக் கிள்ளி மணந்து பார்த்தான். ஜினியா. பக்கத்தில் வாடாமல்லி. அதற்கப்பால் காசித்தும்பை. ஒரு கோட்டில் இல்லை. அலை அலையாக வளைந்து வளைந்து போனது.

"தனுஷியா, இஞ்ச வா. தானா வந்திருக்கு. ஒருத்தரும் போடாமத் தானா வந்திருக்கு."

தனுஷியா வந்து பார்த்தாள். பிரஷாந்தியும் வந்தாள். மாமி குசினி வாசலில் நின்றாள்.

எப்படி வந்தது என்று அவன் நாலைந்து நாள் யோசித்தான். கடைசியில் கண்டுபிடித்தான். மாமி கூட்டும்போது விளக்குமாறு அரைவட்டமாகப் போகிறது. கொட்டிய விதையெல்லாம் அந்த வீச்சில் தள்ளுப்பட்டு வேலியோரம் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் வளைவு. தான் குழாயை வைத்துக்கொண்டு அரை நாள் பட்ட பாட்டை மாமி தன்னை அறியாமலே செய்திருக்கிறாள். அந்த நினைப்பில் அவனுக்கு மாமி மேலிருந்த மனத்தாங்கல் எங்கே போனது என்று தெரியவில்லை. ஏறாவூருக்குப் போனபோது போனில் படம் காட்டி, வழக்கத்துக்கு மாறாக முழுவதையும் சொன்னான்.

றம்லா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "தானா வாறது இப்பிடி அளவா இடம் விட்டு வராதே தம்பி. சாண் சாணாக் கிடக்கு."

"மழைத் தண்ணி பரப்பியிருக்கும் ராத்தா."

"அப்பிடியும் இருக்கும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

மார்கழியில் வேலியோரம் முழுதும் பூ. ரோட்டால் போகிறவர்கள் சைக்கிளை மெதுவாக்கினார்கள். தையில் பிரஷாந்திக்குக் கல்யாணம் சரிவந்தது; அவளுக்கும் வளவில் ஒரு வீடு கட்ட வேண்டும். மேசன் நல்லரத்தினம் வந்து கிழக்குப் பக்கம் அத்திவாரத்துக்கு நூல் கட்டினார். முந்தின மாரிக்கு லக்ஷன் கோணல் பாதை போட்ட இடத்துக்கு மேலாலேயே நூல் போனது. முன்னறை அங்கே வரும். வேலியோரத்துப் பூவுக்கும் நூலுக்கும் இடையில் நாலடி மிச்சம் இருந்தது. நல்ல காலம், பூ தானாக இடம் மாறியது என்று நினைத்துக்கொண்டு, லக்ஷன் கட்டைகளை எட்டிக் கொடுத்தான்.

அத்திவாரம் வெட்டி முடிகிற அன்று பிரஷாந்தி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அத்தான், இந்தப் பூவெல்லாம் எப்பிடி வேலிக்குப் போனது?"

"கூட்டின மண்ணோட விதை போயிருக்கு."

அவளுக்குச் சிரிப்பில் தட்டம் ஆடியது. "நீங்க வட்டைக்குப் போய் நாலாம் நாள், உங்கட பாத்திக்குள்ளதான் எல்லாம் முளைச்சது. அம்மாதான் அகப்பைக் காம்பால ஒவ்வொண்டாக் கிளப்பி வேலியோரம் நட்டவ. விடியத் தொடங்கி மத்தியானம் வரைக்கும். அந்த இடத்திலதான் எனக்கு வீடு எண்டு அப்பவே முடிவு. அத உங்களிட்டச் சொல்ல அவக்கு ஒரு மாதிரி. கோணலாப் போகவேணும் எண்டு அக்கா சொன்னவ. நான் தண்ணி ஊத்தினன்."

லக்ஷன் வேலியோரத்துப் பூவைத் திரும்பிப் பார்த்தான். "மறுகா ஏன் ஒருத்தரும் சொல்லயில்ல?"

"நீங்க வந்து குந்தியிருந்து, தானா வந்திருக்கு, தானா வந்திருக்கு எண்டு சொன்னீங்களே, அப்ப அம்மா குசினி வாசல்ல நிண்டு எங்களுக்குக் கைகாட்டினவ, வாயத் திறக்காதீங்க எண்டு."

குழிக்குள் நின்ற நல்லரத்தினம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். பூவை வேலிக்கு மாற்றியது மாமிதான் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.