தெற்கு பார்த்த தையல் கடை

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அம்மாவுக்குத் தெரிந்தது அளவு டேப்பில் இருக்கும் எண்கள். அப்பாவுக்குத் தெரிந்தது பேருந்துகளின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயர்களின் வடிவம். அதனால் அச்சடித்த தாள் எது வீட்டுக்குள் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். ஃபெங் சுயி என்ற சீனச் சாத்திரமும் அப்படித்தான், ஒரு வண்ணத் தாளாக, எங்களிடம் வந்து சேர்ந்தது.

அதற்குக் காரணம் அம்மா எடுத்த கடை. ஆவடியில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் பல வருடங்கள் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள், பலகை மாட்டிய கடை ஒன்று தனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஓர் அறை கிடைத்தது. நீளமான, குறுகலான அறை. முன்னால் ஷட்டர், பின்னால் ஜன்னலே இல்லாத சுவர். அம்மாவுக்கு முன்னால் அங்கே கடை போட்டவர்கள் யாரும் நிலைக்கவில்லை. எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: தெற்கு பார்த்த வாசல்.

அப்பா ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். விஷயம் தெரிந்த அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"தெக்கு பாத்த கடயாமே? எமன் கீற தெசமே அது. ஊட்ல குந்திகினு தச்சா ஆவாதா ஒனக்கு?"

"யோவ், பூந்தமல்லிக்குப் போசொல்லோ ஒன் ஆட்டோ எந்தப் பக்கம்யா பாக்குது? தெக்கதான? ஒனக்கு இன்னா, எமனா சவாரி வந்தான்?"

"வந்தானே. சில்லற இல்லாத வந்தான்."

அம்மா சிரித்தாள். ஆனால் தைரியமாகப் பேசியவளுக்கு உள்ளுக்குள் பயம் போகவில்லை. தை மாதம் பால் காய்ச்சிய அன்று, வாசற்படியைத் தொட்டுக் கும்பிட்டவள் வெகுநேரம் நிமிரவே இல்லை.

அந்தப் பயத்தைக் கண்டுகொண்டவர் அம்மாவிடம் தைக்கக் கொடுக்கும் ஓர் அக்கா. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, அருகில் எழுந்திருக்கும் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில் கணவரோடு இருப்பவர். இருவருக்கும் கணினி வேலை. மாலை நேரத்தில் ஆன்லைனில் ஃபெங் சுயி வகுப்பில் சேர்ந்திருந்தார். ஒருநாள் கையில் ஒரு பையோடு கடைக்கு வந்தார்.

"தெக்க பாத்த கடைன்னு கவலையே படாதீங்கக்கா. பொருளை எல்லாம் அதது இடத்துல வச்சுட்டா சரியாப் போயிருமுங்க."

பையிலிருந்து முதலில் வெளியே வந்தது சிரிக்கும் புத்தர். அதைக் காசு கொடுத்து நாமே வாங்கக் கூடாது, யாராவது அன்பளிப்பாகத் தரவேண்டும் என்று இங்கே ஒரு வழக்கம் உண்டல்லவா, அதனால் அவரே கொண்டுவந்திருந்தார். அம்மா அந்தப் புத்தருக்கு உடனே 'தொப்ப சாமி' என்று பெயர் வைத்து, தையல் நூல் அடுக்கின் மேல்தட்டில் உட்கார வைத்தாள். அடுத்து வந்தது படம். எட்டுப் பாகங்கள் கொண்ட ஒரு வட்டம். ஒவ்வொரு பாகத்திலும் மூன்று மூன்று கோடுகள். சில முழுக்கோடு, சில நடுவில் உடைந்தவை. திசைகள் சீன எழுத்தில் இருந்தன. மேலே சிவப்பு நிறத்தருகே 'நெருப்பு' என்றும், கீழே கருநீலத்தருகே 'நீர்' என்றும் அக்கா தமிழில் எழுதியிருந்தார்.

அக்கா செல்பேசியில் திசைகாட்டியைத் திறந்து, படத்தின் மேல்பக்கத்தை வடக்கு நோக்கித் திருப்பிப் பிடித்தார்.

"மேல இருக்கறது வடக்குங்க. எந்த மேப் எடுத்தாலும் அப்படித்தானே?"

நானும் ஆமாம் என்றேன். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய இந்தியப் படத்தில் இமயமலை மேலே, குமரிமுனை கீழே. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

மோட்டார் மாட்டிய தையல் மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் நெருப்பு. நெருப்பு படத்தின் மேலே இருந்தது. எனவே வடக்கே, கடையின் பின்சுவரை ஒட்டி அவை போயின. நீர் கீழே இருந்தது. எனவே ஷட்டர் ஓரமாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அம்மா பூப் போட்டு வைத்தாள். சாமி காரியம் செய்வதுபோல் குளித்துவிட்டு வந்து செய்தாள்.

அதன்பிறகுதான் கடை சரியத் தொடங்கியது. வெயில் நாளில்கூட அந்தப் பின்சுவர் இருட்டாகவே இருக்கும். ஒரு டியூப்லைட் வெளிச்சத்தில் அம்மா நாள் முழுக்கக் குனிந்திருந்தாள். அரக்கு நிறப் பட்டு ரவிக்கைக்கு, அந்த வெளிச்சத்தில் ஒன்றாகவே தெரிந்த காப்பி நிற நூலைப் போட்டுத் தைத்துவிட்டாள். வெளியே கொண்டுவந்து விரித்ததும் கல்யாணப் பெண்ணின் முகம் மாறிப்போனது. அதே வாரத்தில் வாசலில் இருந்த கிண்ணத்தை யாரோ காலால் இடற, கொடுக்க எடுத்து வைத்திருந்த புடவைகள் நனைந்தன. மாலையில் வீடு திரும்பும்போது அம்மாவின் கண்கள் சிவந்து நீர் வடியும். நூல் கோக்க ஊசியைத் தூக்கிப் பிடித்து, கோக்காமலே கீழே வைப்பாள்.

பங்குனியில் ஒருநாள், சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"சித்திர கடசில சாவிய குட்த்துர்றேன்னு மாடி வூட்டம்மாகிட்ட சொல்ட்டேன். தெக்கு வாசல் நமக்கு ஒத்துக்கல."

மாடி வீட்டம்மா என்றால் கடையின் உரிமையாளர்; கடைக்கு மேல்மாடியிலேயே இருப்பவர். தான் சொன்னது பலித்துவிட்டதே என்ற மகிழ்ச்சி அப்பாவின் முகத்தில் துளியும் இல்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "வாசல் மேல பழி போடாதம்மா. மெஷின வெளிச்சத்துக்குக் கொண்டா. ஷட்டர் பக்கம் போடு."

"அங்க நெருப்பு வரக்கூடாதுன்னு படத்துல கீதே. படிச்சவங்க போட்ட படம்."

"அது வெறும் பேப்பர்மா."

"ஒன்ன பள்ளியோடம் அனுப்பசொல்லோ தெருவே அதான் சொல்லிச்சு. வெறும் பேப்பரு, இதுக்கு ஏன் இவ்ளோ பாடுன்னு."

எந்த மரியாதையால் அவள் என்னைப் படிக்க வைத்தாளோ, அதே மரியாதையைத்தான் அந்தப் படத்துக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். படத்தைக் கிழித்துப்போடு என்று சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. படிப்பதற்கு மட்டும்தான் உரிமை இருந்தது. எனவே படித்தேன். அம்பத்தூரில் வேலை முடிந்து திரும்பும் பேருந்தில், கம்பியில் சாய்ந்தபடி, செல்பேசியில் கிடைத்ததையெல்லாம்.

ஃபெங் சுயி என்றால் காற்று, நீர். அவ்வளவுதான் அந்தப் பெயரின் பொருள். மணியும் தவளை பொம்மையும் மூங்கில் செடியும் கடைகளுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அது தொடங்கிவிட்டது. அதுவும் வீடு கட்டுவதற்காக அல்ல, இறந்தவர்களைப் புதைக்க இடம் பார்ப்பதற்காக. முன்னோரின் எலும்பு நல்ல மண்ணில் இளைப்பாறினால் பிள்ளைகள் தழைப்பார்கள் என்று நம்பினார்கள். மண்ணுக்குள் ஒரு மூச்சு ஓடுகிறது. காற்று அதைக் கலைத்துவிடும், நீர் அதைத் தடுத்து நிறுத்தும். எனவே காற்றுக்கு மறைவும் நீருக்கு அருகாமையும் உள்ள இடத்தைத் தேடினார்கள். பிறகு உயிரோடிருப்பவர்களுக்கும் அதே கணக்கில் வீடு பார்த்தார்கள். முதுகுக்கு ஒரு மலை, முன்னால் திறந்த வெளி, இரண்டு பக்கமும் கை வைத்த நாற்காலிபோலத் தாழ்ந்த குன்றுகள். மலை மடிப்பையும் ஆற்று வளைவையும் கண்ணால் பார்த்துச் சொன்னவர்கள் ஒரு வகை; காந்த ஊசியை வைத்துத் திசையைக் கணக்கிட்டவர்கள் இன்னொரு வகை. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தும் ஒன்றையொன்று வளர்க்கும், ஒன்றையொன்று அடக்கும் என்பது இருவருக்கும் பொது. நம் தொப்ப சாமி இதில் எங்கேயும் இல்லை. அவர் ஏதோ ஒரு துறவி, வழியில் ஏறிக்கொண்டவர்.

இதையெல்லாம் படித்தபோது என்னை நிறுத்தியது அந்தக் காந்த ஊசி. நாம் அது வடக்கைக் காட்டுகிறது என்கிறோம். அவர்கள் அதற்கு வைத்த பெயரே தெற்கைக் காட்டும் ஊசி. அவர்களுடைய நாட்டில் குளிரும் புழுதியும் வடக்கிலிருந்து வரும். சூரியன் எப்போதும் தென்வானில்தான் நிற்கும். அதனால் வீட்டின் முதுகை வடக்குக்குக் கொடுத்து, வாசலைத் தெற்கே வைத்தார்கள். அரசர்கள்கூடத் தெற்கு நோக்கித்தான் அமர்ந்தார்கள். நாங்கள் எமன் திசை என்று பயந்துகொண்டிருந்ததுதான் அந்தச் சாத்திரத்தில் இருப்பதிலேயே நல்ல வாசல். தெற்கு சூரியனின் பக்கம் என்பதால் நெருப்பு தெற்கு, நீர் வடக்கு.

ஆனால் அக்காவின் படத்தில் நெருப்பு வடக்கே அல்லவா இருந்தது? திரும்பத் திரும்பத் தேடியபோது விடை கிடைத்தது. பழைய சீனப் படங்களில் தெற்கைத்தான் மேலே வைப்பார்கள்.

படத்தில் தவறே இல்லை. நாங்கள்தான் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தோம். மூன்று பெண்கள், அதில் இரண்டு பேர் பட்டம் வாங்கியவர்கள், பள்ளிக்கூடச் சுவரில் பார்த்ததை உலகம் முழுக்க ஒரே மாதிரி என்று நம்பிவிட்டோம்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகாமல் கடைக்குப் போனேன். படத்தைத் தரையில் விரித்து, இருந்த நிலையிலிருந்து அரைவட்டம் திருப்பி, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ சீனாக்காரன் படத்த தலகீயாவா போட்றான்?"

"அவங்களுக்கு நாமதாம்மா தலகீழு."

அம்மா சிறிது நேரம் படத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். "நெருப்பு இங்கியா?" என்று ஷட்டர் பக்கம் கையைக் காட்டினாள். தலையாட்டினேன். உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வந்த அப்பா மெஷினின் ஒரு முனையைப் பிடித்தார்.

"ஒயுங்கா ஒரு எடத்துல வெய்யுங்கமே. மெஷினா, கோயில் தேரா இது?"

பிளக் பின்சுவரில் மட்டும்தான் இருந்தது. ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரை அறையின் நீளத்துக்கும் இழுத்து மெஷினுக்குக் கொடுத்தோம். கிண்ணம் பின்னால் போனது. அம்மா உட்கார்ந்து, வாசல் வெளிச்சத்தில் ஊசியைத் தூக்கிப் பிடித்தாள். நூல் ஒரே முறையில் நுழைந்தது.

அக்கா வந்தபோது அவரிடமும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. வகுப்பின் குறிப்புகளைச் செல்பேசியில் புரட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அட கடவுளே. அப்ப எங்க வீட்டு மீன் தொட்டி?"

"எங்க வச்சிகிறீங்க மேடம்?" என்று அம்மா கேட்டாள்.

"நெருப்பு மூலையிலங்கக்கா. போன மாசந்தான் அவரும் நானும் மூச்சு வாங்க நகத்தினோம். இன்னொருக்கா நகத்தச் சொன்னா அவரு ஊருக்கே போயிருவாரு."

"மீனுங்க நல்லாத்தான கீது?"

"நல்லாத்தான் நீந்துதுங்க."

"அப்ப வுட்ருங்க மேடம். தொட்டிய இன்னொருக்கா நகத்தினா மீனுங்களுக்குத் தலய சுத்தும்."

அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு சங்கடம் இருந்தது. வெளிச்சத்தில் உட்கார் என்று நான் சொன்னபோது அம்மா கேட்கவில்லை. நெருப்பு தெற்கே என்று படம் சொன்னதும் கேட்டாள். ஜெயித்தது நானா, படமா? பல நாட்கள் யோசித்தேன். பிறகு தோன்றியது: அந்தப் படத்தையும் யாரோ ஒருவர், எங்கே காற்று அடிக்கிறது, எங்கே வெயில் விழுகிறது என்று தன் ஊரில் நின்று பார்த்துத்தானே வரைந்திருப்பார்? நம்மிடம் அது இல்லையா என்ன? வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்தவர்கள் நாம். தென்றலுக்கு அப்படி ஏங்கிவிட்டு, தெற்கே வாசல் வைக்கப் பயப்படுகிறோம். ஆனால் அவர்களுடைய படமும் இங்கே முழுக்கப் பொருந்தாது. கரையான்சாவடியில் முதுகு கொடுக்க மலை ஏது? சித்திரை பாதிக்கு மேல் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது.

இந்தக் கடைசி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். அவள் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். வடக்கு பார்த்த எதிர்க்கடைகள் எல்லாவற்றிலும் தார்ப்பாய் இறக்கிக் கட்டியிருந்தார்கள்.

"அதான் பாத்தேன், நம்ம பக்கம் வெயிலே ஏறல. எப்ப வரிக்கும் இப்டி இருக்கும்?"

"ஆடி தாண்டியும் இருக்கும்மா."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். இதற்குப் படத்தில் இடம் எங்கே என்று அவள் கேட்கவில்லை.

சித்திரைக் கடைசியில் மாடி வீட்டம்மா இறங்கி வந்தார். கடைக்குள் இரண்டு பெண்கள் அளவு கொடுக்கக் காத்திருந்தார்கள். நானும் அன்று அங்கேதான் இருந்தேன், கொக்கி தைத்துக்கொண்டு.

"இன்னாமா, இந்த மாசம் சாவி தரேன்னு சொன்னியே? வேற ஒருத்தரு வந்து கேட்டுகினு போனாங்க. உண்டா, இல்லியா?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ரவிக்கைக் கையின் வளைவைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துத் துப்பிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

"ஒயரு கால்ல மாட்டுதும்மா, வர்றவங்க தடுக்கி வுயுறாங்க. எலக்ட்ரீசியன வரச் சொல்லி ஷட்டராண்ட ஒரு பிளக் பாயிண்ட் வச்சிக் குடுங்க."

"தெக்கு வாசல் ஒத்துக்கலன்னியே?"

"ரெண்டா வச்சிட்டா நல்லது," என்றாள் அம்மா. "இன்னொரு மெஷினும் போடலாம்னு கீறேன்."