கம்ப்யூட்டரில் திறந்த கண்கள்

அன்று தாராவி ஸ்டூடியோவில் இருந்தது மூன்றே பேர்: என் மதினி, நான், போட்டோக்காரர். நாலாவதாக ஒருவர் இருந்து, படம் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

மதினிக்கு இரண்டு மேல் இமைகளும் தொங்கிப் பாதிக் கண்ணை மூடிவிட்டன. தாடையைத் தூக்கினால்தான் எதிரே இருப்பது தெரியும். அதைப் பார்த்து எங்கள் சந்து அவளைத் திமிர் பிடித்தவள் என்றது. பை தைக்கும் பட்டறையில் சேட், வேலையில் தூங்குகிறாள் என்றார். விரலில் இரண்டு தடவை ஊசி இறங்கிய பிறகு, மெஷினிலிருந்து எழுப்பி நூல் வெட்ட உட்காரவைத்தார். கூலி பாதியானது. இமையைத் தூக்கித் தைத்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். பட்டறை எடுத்திருந்த மெடிக்ளைம் இன்சூரன்ஸில் பணம் கிடைக்குமாம். மனுவோடு முகம் தெரிகிற படம் வேண்டுமாம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பெயர், ஆதார் எண், முத்திரை என்று பயந்து பயந்து மனுவைப் பத்துத் தடவை சரிபார்த்தேன். படத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. போட்டோக்காரர் எல்லோருக்கும் செய்கிற உபகாரத்தை மதினிக்கும் செய்திருந்தார்.

"கண்ணு சொக்கிப் போயி இருந்துச்சுக்கா. கம்ப்யூட்டர்ல தொறந்து விட்டுட்டேன். அதுக்குக் காசு வேண்டாம்."

மதினி படத்தை மூக்கருகே பிடித்துப் பார்த்தாள். "ஏட்டி, ஒங்க அண்ணன்கிட்ட காட்டிராத. வேற பொம்பளைன்னு நெனச்சுத் தேடிப் போயிருவாரு." நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

மனு திரும்பி வந்தது. இருவரும் குர்லாவில் இருந்த இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்தவன் குனிந்த தலை நிமிராமல் படத்தை விரலால் தட்டி, கண் நன்றாகத்தானே இருக்கிறது, இது அழகுக்காகச் செய்வது, பணம் கிடையாது என்று இந்தியில் சொன்னான். தாடையைத் தூக்கிக்கொண்டு மதினி அவன் முன்னால்தான் நின்றாள். ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்திருந்தால் போதும். டாக்டரின் ரிப்போர்ட்டை நீட்டினேன். முடிந்துபோன ஃபைல் என்றான்.

"ஒனக்கு எமை இல்லடா, தலையே தொங்குது. மொதல்ல அதத் தூக்கித் தைக்கச் சொல்லு," என்றாள் மதினி. அவனுக்குத் தமிழ் தெரியாது.

ஊர்ச் சங்கத்தில் கடன் வாங்கித்தான் ஆபரேஷன் நடந்தது. மதினி மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். போன மாதம் சங்கத்துப் பாஸ்புக்கைத் தானே குனிந்து வாசித்தாள். "ஏட்டி, இதப் பாக்கவா கண்ணத் தொறந்தாக?"

அந்த ஆபீஸ் கட்டியிருக்க வேண்டிய பணம் அது. பாக்கி நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.