அக்காவின் பதிவு எண்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்து. முதலில் கண்ணில் பட்டது ஸ்டூலின் மேல் நின்றிருந்த எலெக்ட்ரீஷியனின் ரப்பர் செருப்பு. மருத்துவமனையின் முதல் மாடியில், அக்காவின் அறைக் கதவிலிருந்து பெயர்ப்பலகையை அவர் கழற்றிக்கொண்டிருந்தார். நான்கு திருகாணிகளில் மூன்று வந்துவிட்டன. நான்காவது துருப்பிடித்துப் போயிருந்ததால் பலகை ஒரு மூலையில் தொங்கியது. அக்காவின் பெயரும் அதன் கீழே இருந்த 'மனநல ஆலோசகர்' என்ற இரண்டு சொற்களும் மேலிருந்து கீழாக வாசிக்கும்படி நின்றன.

நான் அன்று ரத்தப் பரிசோதனைக்காக அவளோடு போயிருந்தேன். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் செய்தி மேசையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து விலகியவள் நான். அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள், உளவியலில் எம்.ஏ. பட்டம் பெற்றவள். நாங்கள் இருவரும் மயூர் விஹாரில் ஒரே வீட்டில் இருக்கிறோம். கிழக்கு டெல்லியிலுள்ள அந்தத் தனியார் மருத்துவமனையில் அவள் பதினாலு வருடமாக வேலை பார்த்தாள்.

அக்கா எலெக்ட்ரீஷியனைப் பார்த்து, "பையா, பலமா இழுக்காதீங்க, கதவு பிளந்துரும்" என்று இந்தியில் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிடத்தில் நிர்வாக அதிகாரி வந்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தியை நின்றுகொண்டே சொல்பவர்.

"மேடம்ஜி, வேலை அப்படியே இருக்கு. சம்பளம் அப்படியே இருக்கு. பேரு மட்டும்தான் இறங்குது."

"எதுவரைக்கும்?"

"பதிவு எண் வர்ற வரைக்கும். அடுத்த மாசம் முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள கொண்டு வந்துட்டீங்கன்னா நானே பக்கத்துல நின்னு பலகையை மாட்டச் சொல்றேன்."

"வரலேன்னா?"

"ஏன் ஜி வராது."

"வரலேன்னா?" அக்கா அதே குரலில் மறுபடி கேட்டாள்.

"ரூமை பிசியோதெரபிக்குக் குடுக்கணும்னு மேல முடிவாயிருக்கு."

அதுவரை ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம், புதியவர்களைப் பார்க்கக் கூடாது என்றார். ஏற்கெனவே வந்துகொண்டிருந்தவர்கள் பதினோரு பேர். ஒருவர் லிப்டில் ஏறப் பயந்து ஆறாவது மாடி வேலைக்குப் படியில் போய்க்கொண்டிருந்தவர். அப்போது நாலாவது மாடி வரை லிப்டில் போகத் தொடங்கியிருந்தார். அக்கா எனக்கு இவ்வளவுதான் சொல்வாள். ஆணா பெண்ணா என்றுகூடச் சொன்னதில்லை. 'ஒருவர்' என்பது நானாக எழுதிக்கொண்டது.

விஷயம் இதுதான். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள எம்.ஏ.வுக்கு மேல் இரண்டு வருடம் அங்கீகாரம் பெற்ற பயிற்சி வேண்டும், பதிவு எண்ணும் வேண்டும். இது பழைய விதி. வெறும் எம்.ஏ.வோடு ஆலோசனை சொல்பவர்களை யாரும் அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பிறகு புதிய சட்டம் வந்தது. இனி அவர்களும் மாநிலக் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்கள் அனுபவத்துக்கு ஆவணம் காட்டினால் போதும். சட்டத்தை நான் முழுதாகப் படித்தேன். குறை சொல்லும்படி ஒன்றும் இல்லை. எங்கள் குடியிருப்பின் வாசலிலேயே 'ஏழு நாளில் மனக்கவலை நீங்கும்' என்று பேனர் கட்டி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் போன்றவர்களை நிறுத்துவதற்குத்தான் இது வந்தது. அவர் தன்னை வாழ்க்கைப் பயிற்சியாளர் என்று போட்டிருந்தார். அந்தச் சொல் சட்டத்தில் இல்லாததால் அவர் பேனர் அப்படியே இருந்தது.

அன்று மாலை அக்கா அலமாரியிலிருந்து அனுபவத்துக்கான ஆவணங்களை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். முப்பத்தொரு நோட்டுகள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், என்ன பேசினார்கள், என்ன செய்யச் சொன்னாள், அடுத்த முறை என்ன மாறியிருந்தது எல்லாம் இருந்தன. பெயர் மட்டும் இல்லை. எம்-4, கே-7 என்று எழுத்தும் எண்ணும்தான். எந்த எண் யார் என்ற பட்டியல் தனியாக ஒரு சின்ன டைரியில் இருந்தது. ஒருவர் வருவது முடிந்து மூன்று வருடம் ஆனதும் அந்த வரியைக் கிழித்துவிடுவாள்.

"டைரியையாவது வச்சிருக்கலாம்லாக்கா?"

"எதுக்கு?"

"இதுக்குத்தான்."

"ஏட்டி, உனக்கு நியூஸ் சொன்னவன் பேரையெல்லாம் நீ எழுதி வச்சிருக்கியா?"

"அது வேற."

"என்ன வேற? சொல்லு பாப்போம்."

நான் நோட்டுகளை வரிசையாக அடுக்கினேன்.

குழுமத்தின் அலுவலகத்தில் அனுபவச் சான்றுகளைப் பார்க்கும் குமாஸ்தாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில்லாத சாம்பல் நிற ஸ்வெட்டர், காலடியில் ஹீட்டர். அவர் விண்ணப்பத்தின் பக்கங்களை எண்ணினார். ஒன்பது. கீழே வைத்தார். எடுத்து மறுபடி எண்ணினார். ஒன்பது. மூன்றாவது முறை ஒவ்வொரு தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்து எண்ணினார். எங்களுக்கு முன்னால் வந்தவர் ஏன் ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போது தெரிந்தது. பிறகு ஒரு நோட்டைத் திறந்தார்.

"மேடம், இதுல பேரே இல்லையே."

"இருக்கக் கூடாது. அப்படித்தான் எழுதணும்."

"சரிதான். ஆனா ஆள் வந்தாங்கன்னு எப்படித் தெரியும்? நீங்களே உட்கார்ந்து எழுதினதுன்னு நாளைக்கு யாராவது சொன்னா?"

அது நியாயமான கேள்வி. என் பழைய மேசையில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"குணமானவங்க மூணு பேர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. ஆதார் நகலோட. 'இந்த நோய்க்கு இவங்ககிட்ட வந்தேன்'னு ஒரே ஒரு வரி."

"அதை நான் கேக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

"யாரும் தர மாட்டாங்களா?"

"தருவாங்க. அதனாலதான் கேக்க மாட்டேன்."

குமாஸ்தா நோட்டை மூடி வைத்தார். அப்படியானால் வேலை தந்தவரின் கடிதமும், பதிவு பெற்ற மேற்பார்வையாளர் ஒருவரின் சான்றும் வேண்டும் என்றார். இழுப்பறையைப் பூட்டி, கைப்பிடியை நாலு முறை இழுத்துப் பார்த்தார். மெட்ரோவில் திரும்பும்போது அவர் எண்ணியதையும் இழுத்துப் பார்த்ததையும் பற்றி அக்காவிடம் ஆரம்பித்தேன். "பாத்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

மருத்துவமனை கடிதத்தை நாலு நாளில் தந்தது. அவர்களுடைய வக்கீல் எழுதியது. பதிவு இல்லாதவர் நோயாளிகளைப் பார்த்தார் என்று எழுதினால் மருத்துவமனைக்குச் சிக்கல் என்பதால், 'மேற்படியாருக்குப் பதினான்கு ஆண்டுகளாக முதல் மாடியில் ஓர் அறை அளிக்கப்பட்டிருந்தது' என்று இருந்தது. அந்த அறையில் அவள் என்ன செய்தாள் என்று கடிதத்தில் எங்கும் இல்லை. வாடகைக்கு இருந்தவரைப் பற்றி வீட்டுக்காரர் எழுதியதுபோல் இருந்தது. நான் பேனாவை எடுத்து மூன்று இடத்தில் திருத்தி அனுப்பினேன். இரண்டு திருத்தங்களை ஏற்றுக்கொண்டார்கள். 'அறை அளிக்கப்பட்டிருந்தது, அங்கு அவர் ஆலோசனைப் பணிகளில் ஈடுபட்டிருந்தார்' என்று வந்தது. யாருக்கு ஆலோசனை என்பது மூன்றாவது திருத்தம்.

மேற்பார்வையாளராக அக்காவுக்குத் தெரிந்த, பதிவு எண் உள்ள ஒரே ஆள் ஜனக்புரியில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பெண். வயது முப்பத்திரண்டு. டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண். எம்.ஏ. முடித்த புதிதில் அக்காவின் அறையில் ஒரு வருடம் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டு, பிறகு அந்த இரண்டு வருடப் பயிற்சிக்குப் போனவள். படிவத்தை வாசித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, இது கைசே? 'விண்ணப்பதாரர் என் மேற்பார்வையில் பணியாற்றினார்'னு இருக்கு. நான்தானே உங்க மேற்பார்வைல இருந்தேன்."

"அதுக்குக் கட்டம் இல்ல. இதுக்குத்தான் இருக்கு. போடு."

"ஜூட்டா இருக்கே அக்கா, பொய்தானே இது."

"நீ இருந்த ஒரு வருஷம் நான் வேலை பாக்கறத நீ பாத்தியா, இல்லியா?"

"பார்த்தேன்."

"கண்ணால பாத்தல்லா. போடு. மத்ததை நீ எழுத வேண்டாம்."

அவள் ஒரு வருடத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டாள். 'பணியின் தரம்' என்ற கட்டத்தில் நன்று, மிக நன்று, திருப்தி என்று மூன்று இருந்தன. மிக நன்று என்பதில் டிக் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "திருப்தின்னு போட்டிருந்தா உன்னை இங்கயே உதைச்சிருப்பேன்" என்றாள் அக்கா. அந்தப் பெண் எங்களுக்குச் சமோசா வரவழைத்தாள்.

இரண்டாம் முறை போனபோது குமாஸ்தா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கோப்பு முழுமையாகிவிட்டது, இனி தான் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டியதுதான், அனுப்பிவிட்டால் மூன்று நாளில் எண் வரும் என்றார். கெடுவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பக்கங்களை எண்ணத் தொடங்கினார். நாலாவது முறை எண்ணும்போது நிறுத்தி, அறையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? எண்ணினது எனக்குத் தெரியும். ஆனா எண்ணினேனான்னு தோணும். ராத்திரி வீட்டுலேருந்து ஆபீஸுக்குத் திரும்பி வந்து பூட்டைப் பார்த்துட்டுப் போன நாளும் உண்டு. வாட்ச்மேன் சிரிக்கிறான். உங்க முப்பத்தொரு நோட்டை எப்படி முடிக்கப் போறேன்னு எனக்கே தெரியல."

எத்தனை வருடமாக என்று அக்கா கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். எல்லோரிடமும் அவள் அதைத்தான் முதலில் கேட்பாள்.

"உங்க மேசையில என் கோப்பு இருக்கு. இப்ப நான் உங்களைப் பாக்கக் கூடாது. எனக்கு எண்ணும் இல்லை" என்றாள்.

"பார்த்ததா எங்கயும் எழுத வேண்டாம் மேடம். சும்மா ரெண்டு வார்த்தை."

"பேரை எழுதாம பார்த்துட்டுத்தான் இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். அக்கா ஒரு துண்டுச் சீட்டில் ஜனக்புரிப் பெண்ணின் போன் எண்ணை எழுதிக் கொடுத்து, இது சரியாகக்கூடிய விஷயம், தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே போங்கள் என்றாள்.

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அஞ்சு நிமிஷம் பேசியிருந்தா என்ன குறைஞ்சிரும்?"

"ஒண்ணும் குறையாது. சீக்கிரம் கையெழுத்துப் போட்டிருப்பாரு."

"அதைத்தான் நானும் சொல்லுதேன்."

"அதுக்குத்தான் பேசல" என்றவள் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வாக்கில் அக்காவின் போன் அடித்தது. அவள் கை முழுக்க மாவாக இருந்ததால் நான் ஸ்பீக்கரில் போட்டேன். குமாஸ்தாதான். குரல் வேறு மாதிரி இருந்தது.

"மேடம், நீங்க சொன்ன பொண்ணைப் பார்த்தேன். அங்கயே ஒரு மனநல டாக்டரையும் பார்க்க வச்சாங்க. கொஞ்ச நாள் கோப்பு, பூட்டு எதுவும் கண்ணுல படக் கூடாது, அப்புறம் மெதுவா ஆரம்பிக்கலாம்னு ஆறு வாரம் மெடிக்கல் லீவு எழுதிக் குடுத்துட்டாங்க. இருபத்தொன்பது வருஷ சர்வீஸ்ல முதல் தடவை. நேத்து வீட்டை ஒரு தடவைதான் பூட்டினேன். நேரா கீழ இறங்கிட்டேன்."

"அச்சா" என்றாள் அக்கா. "திரும்பிப் பார்க்கலையா?"

"பார்க்கலை மேடம். தெருமுனை வரைக்கும் வேர்த்தது. ஆனா பார்க்கலை."

"ரொம்ப நல்லது. அப்படித்தான் வேர்க்கும். விட்டுராதீங்க."

நான் கையை ஆட்டி, கோப்பு, கோப்பு என்று உதட்டை அசைத்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, நன்றாக ஓய்வெடுங்கள் என்று அவரிடம் சொல்லி, போனை வைக்கும்படி எனக்குச் சைகை காட்டினாள்.

"ஏன் கேக்கல?"

"லீவுல இருக்கவர்ட்ட கோப்பைப் பத்திக் கேட்டா அந்த மனுசன் திங்கக்கிழமை ஆபீஸுக்குப் போயிருவாரு. போனா எண்ண ஆரம்பிச்சிருவாரு." மாவை உருட்டிக்கொண்டே சொன்னாள்.

திங்கட்கிழமை நானே குழுமத்தின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அவர் பார்க்க வேண்டிய கோப்புகளை அவர்தான் பார்க்க வேண்டும், வேறு ஆள் போடுவதற்கு மேலிருந்து உத்தரவு வரவில்லை, பிப்ரவரியில் கேளுங்கள் என்றார்கள். நிர்வாக அதிகாரியிடம் நீட்டிப்புக் கேட்டேன். அவர் மனைவிக்கும் அக்காவைத் தெரியும் என்று அப்போதுதான் அவர் வாயாலேயே கேட்டேன். தன்னால் முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார்.

முப்பத்தொன்றாம் தேதி புதன்கிழமை. காலை பத்து மணியிலிருந்து மாலை நாலரை வரை அக்கா ஐந்து பேரைப் பார்த்தாள். எண் வரவில்லை; அறைச் சாவியைப் பிசியோதெரபிக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.