தோற்ற கோச்சின் ஒரேயொரு வெற்றி

இத்தாலியில், பலெர்மோ நகரில் எங்கள் கோவில் தமிழர்கள் உதைபந்தாட்ட அணி தொடங்கியபோது முதல் கோச் நான்தான். வேறு ஒருவரும் முன்வரவில்லை. போன வருடம் அணியின் ஆண்டு விழாவில் எனக்குக் கேடயம் தருகிறோம் என்றார்கள். போனால், செயலாளர் மேடைக்குப் பின்னால் நின்று பேச்சை ஒத்திகை பார்க்கிறார்: "ஒரு போட்டியிலும் வெல்லாவிட்டாலும் மனம் தளராத பயிற்றுநர்..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லீக் ஆட்டமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. அந்த நேரத்தில் என் அணியில் பாதி மொண்டெல்லோ கடற்கரை உணவகங்களில் கோப்பை கழுவிக்கொண்டிருக்கும். வியாழன் பின்னேரம்தான் எல்லோரும் வருவார்கள். வீட்டு வேலைக்காரருக்கு அன்று அரைநாள் ஓய்வு, உணவகக்காரருக்கும் இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை நேரம் இருக்கும். அப்படியொரு வியாழக்கிழமை மொரீசியஸ்காரரின் அணியை வென்றோம்.

"தம்பி, அதையும் வாசி."

"அண்ணை, அது சும்மா விளையாடினது. கணக்கிலை எடுக்கேலாது. வெண்டதுக்கு ஆர் சாட்சி?"

மொரீசியஸ் அணியின் பழைய கப்டன் விருந்தினர் வரிசையில் இருந்தார். இழுத்து வந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது.

"ஓ, இவர்கள்தான் வென்றார்கள்," என்றார் இத்தாலிய மொழியில். அதோடு வாயை மூடியிருக்கலாம். "எங்கள் கோல்கீப்பர் வேலை செய்யும் வீட்டுச் சின்யோரா அவனுக்குப் போன் எடுத்தாள். அவன் பராமரிக்கும் அவளுடைய அம்மா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாளாம். அவன் கையுறையோடு பஸ் ஏறிப் போன பிறகுதான் கோல் விழுந்தது. மாற்றுக்கு எங்களிடம் ஆள் இல்லை."

செயலாளர் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வெறுங் கோலுக்கையோ அண்ணை அடிச்சனியள்?"

"சிரிக்காதை. அவன் வேலைக்குப் போனதாலை என்ரை வெற்றி வெற்றியில்லையெண்டா, என்ரை பெடியள் வேலைக்குப் போனதாலை வந்த தோல்வியும் தோல்வியில்லை. ஒண்டில் ரெண்டையும் வாசி, இல்லாட்டி ரெண்டையும் விடு."

அவர் யோசித்தார். பழக்கமில்லாத வேலை, நேரம் எடுத்தது.

"ஓம் அண்ணை, வாசிக்கிறன்."

மேடையில் சொன்னபடியே வாசித்தார். "லீக்கில் எல்லாம் தோற்றாலும் ஒரு வெற்றி கண்டவர்!" சனம் கைதட்டியது. மொரீசியஸ் கப்டன் எழுந்து நின்று தட்டினார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படி ஏறினேன்.

செயலாளர் மைக்கை விடவில்லை. "அதுவும் கோல்கீப்பர் இல்லாத நேரம்!"

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. கேடயத்தை வாங்கினேன். அவர் நீட்டிய கையை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.