மாமாவின் குதிரை ஓடிய சனிக்கிழமை

தொடாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்கு, எப்போது தொடலாம் என்பதை யார் சொல்லிக்கொடுப்பது?

இன்று காலை புக்கிட் மேரா வீட்டில் கணவரின் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்திருந்தேன். அவற்றின் பின்னால் உருண்டுபோன பந்தை எடுக்காமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள் என் நான்கு வயது மகள். "துணியில கை படும்மா." பெருமைப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் நானே எடுத்துக் கொடுத்தேன். குனிந்தபோது அடித்த கஞ்சி வாசனையில் அப்பாவின் பழைய வேன் கண்முன் வந்து நின்றது.

அப்பா சிராங்கூன் சாலையில் ஒரு சலவைக்கடையின் வேன் ஓட்டுநர். இருபது ஆண்டுகளுக்கு முன், ஐம்பதுகளில், எனக்குப் பத்து வயதிருக்கும், பெரிய குதிரைப் பந்தயம் நடந்த சனிக்கிழமை, குடும்பத்தோடு போய்வர முதலாளி வேனைக் கொடுத்தார். வெளுத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டைகள் உள்ளே கம்பியில் தொங்கியபடியே இருந்தன. இறக்கிவைக்கக் கடையில் இடமில்லை. "கை பட்டுச்சுன்னா என் வேலை போயிரும்" என்றார் அப்பா. தம்பியும் நானும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு போனோம். (மூச்சிலும் அழுக்கு உண்டா என்று எனக்கு உண்மையாகவே சந்தேகம்.)

முதலில் புக்கிட் தீமா மலை. ரொட்டியும் நெத்திலி மிளகாய்ச் சம்பாலும் சாப்பிட்டோம். அம்மாவின் பங்கைக் குரங்கு ஒன்று பிடுங்கிக்கொண்டு போனது. "உங்க தங்கச்சி மாதிரி புடுங்குற கைதான் இதுக்கும்" என்று அம்மா அப்பாவைச் சீண்டினார்.

பிறகு பந்தயத் திடலின் வேலியோரம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அங்கே லாயத்தில் வேலை பார்த்தார். மூன்று ஆண்டுகள் அவர் குளிப்பாட்டி வளர்த்த குதிரை அன்றுதான் முதன்முறையாகப் பெரிய பந்தயத்தில் ஓடுகிறது. "துரை வச்ச பேரு என்னமோ. எனக்கு அவன் கருப்பன்தான் புள்ள." கருப்பனை ஒப்படைத்துவிட்டு, எங்களோடு நின்று பார்க்க ஓடிவந்திருந்தார்.

அப்போதுதான் தம்பியைக் காணோம்.

"வேன்ல பாரு!" என்றார் அப்பா. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். சட்டைகள் திரைபோலத் தொங்கின. விலக்கக் கை நீட்டினேன். விரலெல்லாம் சம்பால் சிவப்பு. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன்.

"பாத்துட்டேன்ப்பா. இல்ல."

மாமா சாலையோரக் கால்வாயை நோக்கி ஓடினார். முதுகுக்குப் பின்னால் கூட்டம் ஒரே குரலில் இரைந்தது. அவர் திரும்பவே இல்லை. இடுப்பளவு சேற்றில் இறங்கித் துழாவிக்கொண்டிருந்தார். பந்தயம் முடிந்த பிறகு, சட்டைகளுக்குப் பின்னாலிருந்து தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தான்.

"இவ பாத்தப்ப இல்லையே, அப்பறம் ஏறியிருப்பான்" என்றார் அம்மா. நான் மறுக்கவில்லை.

திடலிலிருந்து வந்த ஒருவர் "கருப்புக் குதிரை ஜெயிச்சிருச்சு லா" என்று சொல்லிப் போனார். மாமா சேற்றுக் கையாலேயே தம்பியைத் தூக்கிக்கொண்டார். "கருப்பன் மறுபடியும் ஓடுவான்க்கா. புள்ள கெடச்சிட்டான்ல."

ஓடவில்லை. கருப்பனைப் பினாங்குக்கு விற்றுவிட்டார்கள். சலவைக்கடை போயிற்று, வேன் போயிற்று, மாமாவும் ஈப்போ லாயத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் என் மகளைப் பார்க்க வருகிறாராம். நான் சட்டைகளை விலக்கிப் பார்க்கவில்லை என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. சொன்னால் என் மனம் ஆறும். அவருக்கோ, அந்த ஓட்டத்தை இரண்டாம் முறை இழந்ததுபோல் ஆகிவிடுமோ? படிக்கிறவர்கள் யாராவது எழுதுங்களேன்: நான் சொல்லலாமா?